கட்டில் இருந்தால்தான் ஒயின் கோப்பை!

இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடையற்ற வர்த்தகப் பேச்சை முடித்துவிட்டதாக 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து, பிரெஞ்சு ஒயின் விலை குறையப்போகிறது என்று எழுதித் தீர்க்கிறார்கள். 150 சதவீதச் சுங்க வரி முதலில் பாதியாகும். பிறகு பாட்டிலின் விலையைப் பொறுத்துப் படிப்படியாக 30, 20 சதவீதம் என்று இறங்கும். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய உடன்பாடும் ஏறக்குறைய இதே ரகம். எல்லாம் சரி. சென்னை கொட்டிவாக்கத்தில் ஒரு குடும்பம் இரவு உணவுக்கு உட்கார்ந்து, வஞ்சிரம் வறுவலோடு ஆளுக்கு ஒரு கோப்பை ஒயின் கேட்டால் கிடைக்குமா? வரியே இல்லை என்றாலும் கிடைக்காது.

காரணம் டெல்லியில் இல்லை, கோட்டையில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான உரிம விதிகளில் நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.-3 உண்டு, கிளப்புகளுக்கு எஃப்.எல்.-2 உண்டு. வெறும் உணவகத்துக்கு ஒன்றும் கிடையாது. சமையற்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, மாடியில் தங்கும் அறைகள் இல்லையென்றால் மேசையில் கோப்பை இல்லை. கட்டில் போட்டவர் ஊற்றலாம். அடுப்பு வைத்தவர் ஊற்றக் கூடாது! கையெழுத்துப் போட்டுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்ட மனமகிழ் மன்றங்களில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே யாரும் மனமகிழ்ச்சிக்குச் சீட்டாட்டம் மட்டும் ஆடுவதில்லை.

திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பினால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று வரிசையாக உணவகங்கள். இத்தாலிய அடுப்பு, அரேபிய மந்தி, செட்டிநாட்டு நண்டு என எதற்கும் குறைவில்லை. குப்பத்துப் படகுகள் கரையேறும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மீன் பொரிகிறது. இவ்வளவு இருந்தும், சாப்பாட்டோடு குடிக்க நமக்கு விதிக்கப்பட்டது லைம் சோடா.

அதே இரவில் அரசே என்ன விற்கிறது? என் கணக்கு ஒன்றுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். டாஸ்மாக் கடையில் வாங்கும் ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி சுத்தமான சாராயம். ஒரு கோப்பை ஒயின் 150 மில்லி. 13 சதவீதம் என்றால் 19.5 மில்லி. ஆக, ஒரு குவார்ட்டர் என்பது நான்கு கோப்பை ஒயின். நான்கு கோப்பையைப் பத்து நிமிடத்தில் நின்றுகொண்டே விழுங்கு, தொட்டுக்கொள்ள ஊறுகாயோ சுண்டலோ போதும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. ஒரே கோப்பையை ஒரு மணி நேரம் மீனோடும் பேச்சோடும் குடிப்பது குற்றம். 2024-25இல் 4,700-க்கு மேற்பட்ட கடைகள், 48,344 கோடி ரூபாய் வருவாய். இந்தத் தொகையைத் தந்துகொண்டிருப்பது குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவரா, குவார்ட்டர்காரரா? அரசுக்கு யார் மீது பாசம் என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும்.

இதே சாலையில் மூன்று மணி நேரம் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே உணவகத்தில் ஒயின் கொடுக்கிறார்கள், கடல் பொங்கிவிடவில்லை. ஊருக்குச் சற்றுத் தள்ளி அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் இரட்டைப்பிடிச் சாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. ஒயின் வந்த சாடிகள். மாமல்லபுரம் அருகே வசவசமுத்திரத்திலும் அவை கிடைத்தன. பாண்டியன் யவனர் தேறலைப் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றிலேயே பாடிவிட்டார். ஆகவே 'தமிழ்ப் பண்பாட்டுக்கு ஆகாது' என்று சொல்கிறவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வரட்டும். அவர்களுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

'நம் சாப்பாட்டுக்கு ஒயின் ஒத்துவராது' என்பது அடுத்த கட்சி. ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் ஒத்துவராதுதான். துவர்ப்பான சிவப்பு ஒயினை மிளகாய்க்கு எதிரே வைத்தால் எரிச்சல்தான் கூடும். ஆனால், லேசாக இனிக்கும் நாசிக் செனின் பிளாங்கை நன்றாகக் குளிரவைத்து நெத்திலி வறுவலோடு குடித்துப் பாருங்கள்; காரம் தணியும், மீனின் ருசி தூக்கும். மட்டன் சுக்காவுக்கு ஷிராஸ் போதும். தேங்காய்ப்பால் சேர்த்த இறால் குழம்புக்கு வெள்ளை ஒயினைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

மருத்துவர்கள் வருவார்கள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. மறுக்கவில்லை. அந்த அறிக்கையை டாஸ்மாக் வாசலில் ஒட்டிவிட்டு உணவகத்துக்கு வாருங்கள். கள்ளக்குறிச்சியைக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல்: 2024இல் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். செனின் பிளாங்கால் அல்ல.

அரசு முயலவேயில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் சிறப்பு உரிமம் என்று அறிவித்தார்கள். எங்கே? திருமண மண்டபத்தில்! எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபத்தைக் கைவிட்டுவிட்டு, மாநாட்டுக் கூடமும் விளையாட்டரங்கும் போதும் என்றார்கள். ஆயிரம் பேர் கூடும் இடம் இவர்கள் நினைவுக்கு வருகிறது. நான்கு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை வரவில்லை.

பெங்களூருக்குப் போகிற தமிழர் உணவகத்தில் ஒயின் குடித்துவிட்டு ஒழுங்காகத்தான் வீடு திரும்புகிறார். கர்நாடகம் 2007இலேயே ஒயின் கொள்கை வகுத்து, அதற்கென வாரியமும் அமைத்தது. பிரான்சில் 1960-களில் ஆண்டுக்கு ஆளுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. எந்த மதுவிலக்கும் இல்லாமலே குறைந்தது. சாப்பாட்டோடு சேர்ந்த குடி தன் எல்லையைத் தானே கண்டுகொள்ளும்.

நம்மிடமும் திராட்சை இல்லாமல் இல்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. செய்ய வேண்டியது எளிது. 15 சதவீதத்துக்கு உட்பட்ட ஒயினுக்கும், 1987 முதல் தடையில் கிடக்கும் கள்ளுக்கும் தனியாக ஓர் உணவக உரிமம் கொடுங்கள். சாப்பாட்டு ஆர்டர் இல்லாமல் ஊற்றக் கூடாது, பார்சல் கூடாது, இரவு பத்தரைக்கு நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். பத்தே ஆண்டுகளில் குவார்ட்டர் விற்பனை பாதியாகும். அதைச் செய்யாதவரை மதுவிலக்கைப் பற்றிப் பேச இந்த மாநிலத்தில் எந்தக் கட்சிக்கும் அருகதை கிடையாது.