வேகமா, உணர்ச்சியா... ஓயாத ஒரு சண்டை

இசைப் பைத்தியங்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். ஒருவர் இங்வே மால்ம்ஸ்டீன் பெயரை எடுப்பார். உடனே இன்னொருவர், "டைப்ரைட்டர் மாதிரி அடிப்பான், ஆனா ஃபீல் இல்லை" என்பார். மூன்றாமவர் பி.பி. கிங்கை இழுத்து வருவார். "அந்த மனுஷன் ஒரே ஒரு நோட் வாசிச்சாப் போதும்..." அவ்வளவுதான், கட்சி பிரிந்துவிடும். இது ராக் ரசிகர்களுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர்களும் இதே சண்டையைப் போடுகிறார்கள். ஆட்களின் பெயர் மாறும், திட்டுவது கொஞ்சம் நாகரிகமாக இருக்கும், அதுதான் வித்தியாசம்.

சண்டைக்கு வயது இருநூறுக்குக் குறையாது. பாகனினியின் 24 காப்ரீஸ்கள் 1820ல் அச்சில் வந்தன. அந்த ஆள் வயலினில் செய்த வித்தைகளைப் பார்த்து, சாத்தானிடம் ஆன்மாவை விற்றுவிட்டார் என்று ஊர் பேசியது. ஆனால் 1828ல் வியன்னாவில் அவரைக் கேட்ட ஷூபர்ட் உருகியது வித்தைகளுக்காக அல்ல, மெதுவாக வாசித்த பகுதிக்காக. ஒரே ஆள், ஒரே வயலின், ஒரே கை! அந்தக் கையில் எது திறமை, எது உணர்ச்சி என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியுமா?

குழப்பமே 'திறமை' என்ற சொல்லில்தான் இருக்கிறது. மெட்ரோநோம் வைத்து வேகத்தை அளக்கலாம். நிமிடத்துக்கு இத்தனை என்று எண் சொல்லலாம். அளக்க முடிந்ததற்குத் திறமை என்று பெயர் வைத்துவிட்டு, அளக்க முடியாத மிச்சத்தையெல்லாம் 'ஃபீல்' என்ற மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். பி.பி. கிங் தனக்கு கார்டு வாசிக்க வராது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதை வைத்து அவருக்கு டெக்னிக் கிடையாது, மனசு மட்டும்தான் என்று பாராட்டுவதுபோல் மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. அவருடைய இடது கை வைப்ரேட்டோவைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். அந்த நடுக்கம் எவ்வளவு அகலம், எப்போது தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்று எல்லாமே கட்டுப்பாட்டில் இருக்கும். பல வருஷம் தேய்த்துத் தேய்த்து வந்த கைவேலை அது. அதை அளக்கக் கடையில் கருவி விற்கவில்லை, அவ்வளவுதான்.

பிங்க் ஃப்ளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' (1979) பாட்டின் கடைசியில் டேவிட் கில்மோர் வாசிக்கும் சோலோவும் இந்த ரகம்தான். எந்தக் கம்பியில் எந்தக் கட்டையில் விரல் வைப்பது என்பதைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துவிடலாம். வாசித்துப் பார்த்தால் அது வேறு எதுவோ மாதிரி இருக்கும். கம்பியை இழுத்துச் சுரத்தை ஏற்றும்போது சரியான இடத்தில் போய் நிற்க வேண்டும், இம்மி குறைந்தாலும் காது கூசும். விரைவாக ஓடும் இடத்தில் ஒரு சுரம் பிசகினால் கேட்பவர் பாதி நேரம் கவனிக்கவே மாட்டார். மெதுவாக வாசிப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதைவிட வேடிக்கை பங்க் இசை. 'மூன்று கார்டு தெரிந்தால் போதும், பேண்ட் ஆரம்பிக்கலாம்' என்பதுதான் அதன் மேல் உள்ள நம்பிக்கை. ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் (1976) 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம். இதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும் என்று தோன்றும். ஜானி ரமோன் அந்த வேகத்தில் எல்லா அடியையும் கீழ்நோக்கியே அடித்தார். மேலும் கீழுமாக அடித்தால் வேலை பாதியாகும், ஆனால் அந்த முரட்டுச் சத்தம் வராது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரு கிதாரை எடுத்து இரண்டே பாட்டுக்கு முயற்சி செய்யலாம். மணிக்கட்டு பதில் சொல்லும்.

அதற்காக வேகக்காரர்களைக் கழுவேற்றுவதும் நியாயமில்லை. வேகமே ஒரு உணர்ச்சிதான். எடி வான் ஹேலனின் 'இரப்ஷன்' (1978) ஒரு நிமிடம் 42 விநாடிதான் ஓடுகிறது. வலது கை விரலாலும் கம்பியைத் தட்டித் தட்டி அவர் மேலே ஏறும்போது, ரங்கராட்டினத்தின் உச்சியில் வயிறு காலியாகுமே, அதே குஷி. அழ வைப்பது மட்டும்தான் கலை என்று யார் சொன்னது? மால்ம்ஸ்டீனிடம் குறை சொல்ல வேண்டுமானால் அது வேகமல்ல. அதே ஸ்கேல், அதே ஓட்டம் ஆல்பத்துக்கு ஆல்பம் திரும்பத் திரும்ப வருவதுதான். வேகம் குறைந்த ஆட்களிடமும் இந்த நோய் நிறைய உண்டு. உருக்கமான நாலு பெண்டைக் கற்றுக்கொண்டு வாழ்நாள் முழுக்க அதையே விற்பவர்கள் இல்லையா என்ன? அதோடு 'எனக்கு ஃபீல்தான் முக்கியம்' என்பது பல நேரம் பயிற்சிக்கு டிமிக்கி கொடுப்பவர்களின் கேடயம்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. தவறான சுரத்தை நம் காது எப்படி நடத்துகிறது என்பது. ஆர்டூர் ஷ்னாபெல் 1930களில் பேத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் பதிவு செய்தார். ஆல்ஃபிரட் கோர்த்தோ ஷோபேனைப் பதிவு செய்தார். இரண்டிலும் தவறான சுரங்கள் தாராளமாக இருக்கின்றன. வெட்டி ஒட்ட அப்போது வழி கிடையாது. ஒரு தட்டில் நாலரை நிமிடம் போல ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், தவறினால் முழுப் பக்கத்தையும் மறுபடி வாசிக்க வேண்டும். அந்தப் பதிவுகளை இன்றும் பியானோக்காரர்கள் தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

போருக்குப் பிறகு காந்த நாடா வந்தது. கத்தரித்து ஒட்டலாம் என்றானது. க்ளென் கூல்ட் 1964ல் மேடைக்கே முழுக்குப் போட்டுவிட்டு ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தார். அவர் விஷயத்தில் அது நல்லதாகவே முடிந்தது. பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை' 1955ல் சுமார் 38 நிமிடத்தில் பறந்து முடித்தவர், 1981ல் அதே இசைக்கு 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். இரண்டுமே பொக்கிஷம். (இரண்டிலும் பின்னால் அவர் முனகுவதை எந்தக் கத்தரியாலும் எடுக்க முடியவில்லை!)

ஆனால் எல்லோரும் கூல்ட் இல்லையே. ஒட்டுப்போட்ட பதிவுகளைக் கேட்டு வளர்ந்த காது, மேடையிலும் அதே சுத்தத்தை எதிர்பார்க்கிறது. போட்டிகளில் நடுவர் ஐந்து பேர் ஒருவர் வாசிப்பின் அழகைப் பற்றி ஐந்து விதமாகச் சொல்லலாம். தவறான சுரம் எத்தனை என்பதில் மட்டும் தகராறே வராது. ஆகவே பதினாறு வயதில் மேடை ஏறும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது ஆபத்தில்லாமல் வாசிப்பதை. ராக்கில் இது இன்னும் மோசம். டிரம் அடி கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் கம்ப்யூட்டரில் கட்டத்துக்குள் இழுத்து வைத்துவிடுகிறார்கள், குரல் பிசகினால் மென்பொருள் தூக்கி நிறுத்துகிறது. அந்த முன்னே பின்னேயில்தான் ஆள் இருந்தான் என்பது அப்புறம்தான் தெரிகிறது. எடி வான் ஹேலனே 'இரப்ஷன்' பதிவில் ஒரு இடத்தில் தவறு இருக்கிறது, இன்னும் நன்றாக வாசித்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு என்றால் ஐந்து நிமிடத்தில் சரி செய்திருப்பார்கள்.

விளாதிமீர் ஹோரோவிட்ஸ் கதையும் உண்டு. பன்னிரண்டு வருஷம் மேடைப் பக்கமே வராமல் இருந்தவர், 1965 மே மாதம் கார்னகி ஹாலில் மறுபடி வாசிக்க வந்தார். பாக்-புசோனி டொக்காட்டா. எடுத்த எடுப்பிலேயே கை தவறியது. விரல் வித்தைக்குப் பெயர் வாங்கியவருக்கு! நின்றுவிடவில்லை, வாசித்துக்கொண்டே போனார். அந்த ஆண்டே வெளியான இசைத்தட்டில் அன்றைய கச்சேரியின் சில பிழைகளை நீக்கியிருந்தார்கள். கை வைக்காத பதிவு 2003ல்தான் வெளிவந்தது. கிடைத்தால் அந்த இரண்டாவது பதிவைக் கேளுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் பயந்து நடுங்கும் ஒரு மனிதர் தெரிவார். அரை மணி கழித்து அதே கைகள் ஷூமனின் ஃபாண்டஸியில் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.