சொன்னால் கேட்காத மனிதர்

"எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாரே அக்கா, நான் என்ன செய்வேன்?" இப்படிக் கேட்காத சகோதரி நம் தோட்டங்களில் உண்டா? குடியும் சீட்டும் வேறு கதை. அதை இன்னொரு வாரம் பார்ப்போம். இன்று இனிப்பு நீர் வியாதியை வைத்துக்கொண்டு கிளினிக் பக்கம் தலைகாட்ட மறுக்கும் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும்.

2019-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயது வந்தவர் 100 பேருக்கு 31 பேர் இந்த வியாதிக்காரர்கள். நாடு முழுவதற்கும் பார்த்தால் 18 பேர்தான். உங்கள் லயத்தில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவர் தேத்தண்ணீர் குடிக்க உட்காரும் நேரம் பார்த்து, பிள்ளைகள் எதிரிலேயே, "நீங்க போயிட்டா எங்க கதி என்ன?" என்று ஆரம்பிக்கிறீர்கள். அவர் டின் பாலை இன்னும் ஒரு கரண்டி கூடவே ஊற்றிக்கொள்கிறார். பிள்ளைகள் பார்க்கத் தோற்றுப்போக எந்த ஆண்பிள்ளைக்கு மனம் வரும்? (நமக்கு மட்டும் வருமா என்ன!)

உங்கள் சொல் அவர் காதில் விழாமல் இல்லை. அதற்கு முன்பே வேறொரு சொல் அங்கே குடியேறிவிட்டது: "பக்கத்து லயத்துக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போனான், காலையே எடுத்துட்டாங்க." அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கம். அதனால்தான் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனதால் கால் போகவில்லை. புண் அழுகிய பிறகு போனதால் போயிற்று. இந்த வியாதி நரம்பைக் கெடுத்துப் பாதத்தை மரத்துப்போகச் செய்யும். ரத்த ஓட்டமும் குறையும். செம்பனைக் காட்டில் பூட்ஸுக்குள் முள் ஏறினாலும் தெரியாது. வலி இல்லையே, சுகமாகத்தான் இருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

இதை நீங்கள் சொன்னால் நச்சரிப்பு. மருந்து சாப்பிட்டுக்கொண்டே இன்றும் குலை வெட்டுகிற ஒரு கூட்டாளி சொன்னால் அது சேதி. அப்படி ஒருவரை ஒருநாள் சாயங்காலம் தேத்தண்ணீருக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் அடுப்படியிலேயே இருங்கள். மாமியார், மைத்துனர் எல்லாரையும் திரட்டிச் சுற்றி உட்கார வைக்காதீர்கள், வீடு கோர்ட்டாகிவிடும்.

கேட்பதையும் சிறிதாகக் கேளுங்கள். இனிமேல் சீனியே கூடாது, தினமும் மாத்திரை, மாதாமாதம் கிளினிக் என்று ஒரே மூச்சில் அடுக்காமல், "ஒரு தடவை ரத்தம் மட்டும் பார்த்துட்டு வரலாமா?" என்று கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று அவர் சொன்னால், அது சாக்கு அல்ல. அதை மறுத்துப் பேசாமல், எந்த நாள் போனால் நஷ்டம் குறைவு என்று அவரையே சொல்லவிடுங்கள். தானே குறித்த நாளை மனிதர் எளிதில் தட்டமாட்டார்.

இவ்வளவு செய்தும் அசையாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடுவதை நிறுத்திவிட்டு, ராத்திரி கால் கழுவி வந்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்த்துவிடுங்கள். காலைப் பார்க்க விடுவதற்கு யாரும் சண்டை போடுவதில்லை. சிவப்போ, கொப்புளமோ, நாற்றமோ தெரிந்தால் மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டு காத்திராதீர்கள். அவர் கத்தினாலும் சரி, அன்றைக்கே வண்டி பிடியுங்கள்.