சிஸ்டர், கொஞ்சம் ஸ்பீடா விடுங்க!

வார்டுல ஒரு நாளைக்கு நான் அதிகமா கேக்கற வசனம் இதுதாங்க. என்ன மருந்து, எவ்வளவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. "எப்ப முடியும்? மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்"னு மட்டும் கேப்பாங்க. நாம அந்தப் பக்கம் திரும்பினதும் அவங்களே ரோலரை ஒரு உருட்டு உருட்டி விட்டுடுவாங்க. இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா அரிச்சுக்கிட்டே இருந்தது.

அந்தச் சொட்டுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. 500 மில்லி பாட்டில் 4 மணி நேரத்துல ஏறணும்னு டாக்டர் எழுதறார்னு வைங்க. செட்டு 20 சொட்டுக்கு 1 மில்லி (கவர்லயே அச்சடிச்சிருக்கும்). 500ஐ 20ஆல பெருக்கி 240 நிமிஷத்தால வகுத்தா நிமிஷத்துக்கு சுமாரா 42 சொட்டு. இவ்வளவு சுத்தவே வேணாம், மணிக்கு எத்தனை மில்லியோ அதை 3ஆல வகுங்க. 125ஐ 3ஆல வகுத்தா அதே 42! குழந்தைங்களுக்குப் போடற மைக்ரோ செட்டுல 60 சொட்டு 1 மில்லிங்கறதால வகுக்கற வேலையும் இல்லை. மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. இந்தச் சுருக்குவழியை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரலை. நைட் டூட்டியில டீ குடிக்கும்போது ஒரு சீனியர் அக்கா சொன்னது.

சரி, வேகமாத்தான் போகட்டுமே, என்ன ஆயிடும்? வெறும் உப்புத் தண்ணின்னா இளவயசுக்காரங்க தாங்கிக்குவாங்க. வயசானவங்க, இதயமோ கிட்னியோ பலவீனமா இருக்கறவங்களுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அதைவிட மோசம், அதே பாட்டில்ல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கறது. பாத்தா பச்சைத் தண்ணி மாதிரியேதான் இருக்கும். வழக்கமா கிடைக்கற 10 மில்லி ஆம்பூல்ல 20 மில்லிஈக்விவலன்ட் இருக்கு. சாதாரண வார்டுல மணிக்கு 10க்கு மேல விடறதில்லை. அதாவது குறைஞ்சது 2 மணி நேரம். பஸ்ஸுக்காக அதை அரை மணியில ஓட விட்டா இதயமே நின்னு போகலாம். நான் பயமுறுத்தலைங்க, நிஜமாவே அப்படித்தான்.

இப்ப எங்க பக்கம் வரேன். "இந்தக் காலத்து நர்ஸுங்களுக்குக் கணக்கே வரலை"ன்னு ஒரு புலம்பல் இருக்கு. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி பரீட்சையில எழுதின பொண்ணு, நாப்பது பேஷண்டுக்கு நடுவுல நின்னு மனக்கணக்குப் போடணும்னு எதிர்பார்க்கறதுதான் தப்பு. கால்குலேட்டரை எடுத்தா கேலி, பக்கத்து சிஸ்டரைக் கூப்பிட்டு "இதைக் கொஞ்சம் பாருங்கக்கா"ன்னா அதுக்கும் கேலி. அட, என்னங்க இது?

இன்சுலினையே எடுத்துக்கங்க. நம்ம நாட்டுல 1 மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கு, 100 யூனிட்டும் இருக்கு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில இழுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும். இழுத்த பொண்ணு கணக்குல புலியா இருந்தாலும் இதேதான். 2007ல அமெரிக்காவுல நடிகர் டென்னிஸ் குவெய்டோட இரட்டைக் குழந்தைங்களுக்கு 10 யூனிட் ஹெப்பாரினுக்குப் பதிலா 10,000 யூனிட் குப்பி போயிடுச்சு. ஆயிரம் மடங்கு! குழந்தைங்க பிழைச்சது பெரிய விஷயம். ரெண்டு குப்பி லேபிளும் நீலத்துல ஒரே சாயல். அங்க எந்தக் கணக்கும் தப்பலை.

அதனாலதான் சொல்றேன், சொட்டுக் கணக்கு அட்டவணையை ஒவ்வொரு வார்டு சுவத்துலயும் ஒட்டணும். ஆபத்தான மருந்துன்னா ரெண்டு பேர் தனித்தனியா கணக்குப் போட்டு ஒத்துப் பாக்கணும். ஆள் பத்தலைம்பாங்க. அதுக்கு ஆளைப் போடணும்.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சொட்டு மெதுவா விழற மாதிரி தெரிஞ்சா ரோலரைத் தொடாதீங்க, எங்களைக் கூப்பிடுங்க. கையை மடக்கி வச்சிருந்தாலே சொட்டு குறையும். ஊசி நழுவி மருந்து தோலுக்கடியில போய்க்கிட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்ப ரோலரைத் திறந்தீங்கன்னா கைதான் பூரியா உப்பும்.