எலும்புகளுக்கு நடுவே



“டிஸ்க் விலகிவிட்டது ஐயா, ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்ற விண்ணப்பம் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. உண்மையில் அது இடம்விட்டு நழுவுவதில்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் அமைந்த 23 வட்டுகள் நமக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் வெளியே உறுதியான நார்வளையம். உள்ளே நீர் செறிந்த கூழ். நாளடைவில் தேய்ந்த வளையம் பாரத்தால் கிழியும்போது, கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது.

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்களும் உண்டு. கொலோசெயர் 2:19இல் பவுல் அவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘சுந்தெஸ்மோஸ்’. அதே சொல்லையே 3:14இல் அன்புக்கும், எபேசியர் 4:3இல் சமாதானத்துக்கும் வழங்குகிறார். ஆகவே அன்பும் சமாதானமும் சபைக்கு அலங்காரம் அல்ல. அவை அறுந்தால் எஞ்சுவது எலும்புக்குவியலே.

சபையின் எலும்புகளை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம்: கமிட்டி அங்கத்தினர், பாடகர் குழுத் தலைவர், நன்கொடையாளர். நடுவே இருந்து தாங்குகிறவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. முகங்கொடுத்துப் பேசாத இரு குடும்பங்களுக்கு இடையே நடந்து தேய்கிறவர்கள் அவர்கள். ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை மற்றவரிடம் சேர்க்காமல், தம் உள்ளத்திலேயே புதைத்துக்கொள்ளுகிறவர்கள்.

வளர்ந்த மனிதனின் வட்டுக்குள் இரத்தக்குழாய்கள் ஏறக்குறைய இல்லை. அடுத்துள்ள எலும்பிலிருந்து மெல்லக் கசிந்து வருவதே அதற்குப் பெரும்பாலும் ஆகாரம். பகல் முழுவதும் உடலின் பாரம் அதன் நீரைப் பிழிகிறது. நாம் படுத்து உறங்கும்போதுதான் அது மீண்டும் நீரை உறிஞ்சுகிறது. மாலையைவிடக் காலையில் நாம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரமாயிருப்பது இதனால்தான். பாரம் இறங்கும் வேளை இல்லாவிட்டால் வட்டுக்கு மீட்சி இல்லை.

முன்பு நான் ஊழியம் செய்த சபையில் ஒரு சகோதரி, மூன்று மாதம் பெண்கள் ஐக்கியப் பொறுப்பிலிருந்து விலகியிருக்க அனுமதி கேட்டார். “கர்த்தருடைய வேலையில் ஓய்வேது, அம்மா?” என்றேன். மறுபேச்சின்றித் தொடர்ந்தார். சில மாதங்களில் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்று சிலர் பேசினார்கள். அப்படிச் சொல்ல எனக்கு நாவு எழவில்லை. அவருக்கு ஓய்வை மறுத்தவன் நான்.

சாவை விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான். ஓரேபில் கர்த்தர் அவனோடு பேசியது அதற்குப் பின்பே (1 இராஜாக்கள் 19). தேவன் தம் ஊழியனுக்குக் கொடுத்த உறக்கத்தை நாம் நம் உடன்விசுவாசிக்கு மறுப்பது எந்த நியாயம்? ஓய்வு கேட்பது அவிசுவாசம் அல்ல. ஓயாமல் உழைப்பவரைப் புகழ்ந்து புகழ்ந்தே நசுக்குவதுதான் நம் பாவம்.

இந்த வாரம், உங்கள் வீட்டிலும் சபையிலும் நடுவே நின்று தாங்குகிறவர் யார் என்று எண்ணிப்பாருங்கள். அவரிடம் இன்னொரு வழக்கைக் கொண்டுபோகாதிருங்கள். மத்தேயு 18:15இல் ஆண்டவர் கற்பித்தபடி, உங்கள் மனத்தாங்கலை உரியவரிடமே தனித்துப் பேசுங்கள்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் பின்னர் நான் போனேன். திரும்பி வரும்படி அழைக்க அல்ல, மன்னிப்புக் கேட்க.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.