வீட்டுத் திட்டமும் நம் சங்கங்களும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்’ என்பது நம் முன்னோர் சொல். இரண்டிலும் கைப்பணம் கரையும் என்பதே அதன் கருத்து. இக்காலத்திலோ பணத்தோடு வேறு சிலவும் கரைகின்றன. ஆற்று மணல் கரைகிறது. கண்மாய்க் கரம்பையும் வயலின் மேல்மண்ணும் காளவாசலில் வெந்து செங்கல்லாகின்றன. கட்டி முடித்த வீடோ, கோடையில் குடியிருப்போரையே வேக வைக்கிறது. ஆகவே, கட்டடங்களைப் பற்றிய அரசாங்கக் கொள்கை பட்டணத்துப் பொறியாளர் மட்டும் ஆராயும் விஷயமன்று. தேனிப் பகுதியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் தறி நெய்வோரும் பயிர் செய்வோரும் ஒருங்கே சிந்திக்க வேண்டிய விஷயமாகும்.

சர்க்கார் இத்துறையில் வாளாவிருந்துவிடவில்லை. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் கட்டடங்கள் அனைத்திற்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2011-இல் சூரிய ஒளி விளக்குகளுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் தொடங்கிற்று. 300 சதுர அடி வீட்டிற்கு 1,80,000 ரூபாய் என்றும், ஐந்தாண்டுகளில் மூன்று லட்சம் வீடுகள் என்றும் அப்போது வகுத்தனர். 2023-இல் ஆற்று மணலுக்கு மாற்றாகச் செயற்கை மணல் பற்றிய கொள்கை வெளிவந்தது. 2024-இல் வந்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 360 சதுர அடி வீட்டிற்கு 3,50,000 ரூபாய் வழங்குகிறது. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் எழுப்பிக் குடிசைகளே இல்லாமற் செய்வது அதன் நோக்கம். இவை யாவும் பாராட்டத்தக்கன.

எனினும், இவற்றினூடே ஓர் இடைவெளி இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். மத்திய அரசாங்கம் 2007-இல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு ஒன்றை வகுத்தது. 2017-இல் அதைத் திருத்திற்று. 2018-இல் குடியிருப்புகளுக்கென்று ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதை’ வெளிவந்தது. சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று அது அளவு கூறுகிறது. நல்ல விதிதான், ஆனால் அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அதாவது, ஏறக்குறைய 12 சென்ட். ஜக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறிக்காரர் ஒருவருக்குப் 12 சென்ட் மனை ஏது? வெப்பத்தை அளக்கும் விதி பெரிய வீட்டிற்கு. பணம் கொடுக்கும் விதி சிறிய வீட்டிற்கு. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

நெசவாளரின் வீடு வெறும் குடியிருப்பு மட்டுமன்று. அதுவே அவருடைய தொழிற்சாலை. குழித்தறிக்காரர் மண்ணில் குழி தோண்டிக் காலை உள்ளே இறக்கி அமர்வதன் காரணங்களுள் ஒன்று, தரையின் ஈரப்பதம் பாவு நூலுக்கு வேண்டும் என்பதேயாகும். காற்று உலர்ந்தால் நூல் அறும், அறுந்த இழையை முடிவதிலேயே பொழுது போகும், கூலி குறையும். மெல்லிய கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலை உண்டு, மாலையில் அவ்வெப்பத்தை உள்ளே கக்குகிறது. பழைய ஓட்டு வீட்டில் சித்திரை மாதத்திலும் நெய்தவர், புதிய கான்கிரீட் வீட்டில் உச்சிவேளையில் தறியை விட்டு எழ வேண்டியிருக்கிறது. கைத்தறி நெசவாளருக்கெனப் பத்தாயிரம் பசுமை வீடுகள் முன்பே அறிவிக்கப்பட்டதுண்டு. தறிக்கு இடம் ஒதுக்குவதோடு தறிக்கு வேண்டிய குளிர்ச்சியையும் ஒதுக்கினால்தான் அத்தகைய நோக்கம் முழுமை பெறும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுமோ என்று சிலர் அஞ்சலாம். வேண்டியதில்லை. கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டின் பெரும்பகுதி வெறும் நிரப்பாகவே இருக்கிறது. கம்பிகளுக்கிடையே அந்த இடத்தில் ஓடுகளை வைத்து வார்த்தால் சிமெண்டு மிச்சமாகும். ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே பொள்ளல் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் நான்கில் ஒரு பங்கு செங்கல் குறையும். இவ்விரு முறைகளையும் நம் மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் பல்லாண்டுகள் பரப்பினார். 1985-இல் தோன்றிய காஸ்ட்போர்டு நிறுவனம் அப்பணியைத் தொடர்ந்தது. இவை எதுவும் இயலாதோர் கோடை தொடங்குமுன் மாடித் தளத்திற்குச் சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு.

இனிப் பயிர் செய்வோர் பக்கம் வருவோம். முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நிலம் இப்பள்ளத்தாக்கின் உயிர். மேல்மண் ஓரங்குலம் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதை ஒரே கோடையில் லாரியில் ஏற்றிக் காளவாசலுக்கு அனுப்பினால் கையில் சிறிது பணம் கிடைக்கலாம். பிறகு வயல் பள்ளமாகி நீர் தேங்கும், உரச் செலவு ஏறும், விளைச்சல் இறங்கும். விற்றது மண்ணையன்று, வருங்கால மகசூலை என்பது அப்போதுதான் விளங்கும். கண்மாய்க் கரம்பையும் வயலுக்குச் சேர வேண்டிய உரமேயாகும்.

செங்கல்லுக்கு மாற்றாக அனல் மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்துமாறு மத்திய அரசாங்கம் 1999-இல் அறிவிக்கை வெளியிட்டது. அன்று 50 கிலோமீட்டராயிருந்த எல்லை 2016-இல் 300 கிலோமீட்டராக விரிந்தது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்திலிருந்து நம் மாவட்டம் அவ்வெல்லைக்குள் அடங்கியதே. ஆனால் தனி மனிதர் ஒருவர் தம் சிறு வீட்டிற்காகச் சாம்பற்கல் தருவிக்க இயலுமா? வண்டிக் கூலியே அவரை அயரச் செய்யும். பலர் கூடினால் ஒரு லோடு; ஒரு லோடு கூடினால் நியாய விலை. கூட்டுறவின் அரிச்சுவடியே இதுதானே!

சாம்பலும் சுண்ணாம்பும் ஏழை வீட்டுச் சரக்கு, உறுதியற்றவை என்னும் எண்ணம் நம்மவரிடையே இருக்கிறது. நம் வயல்களுக்கு நீர் தரும் பெரியாறு அணை 1895-இல் முடிவுற்றபோது அது கருங்கல்லாலும், சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிச் சாந்தாலும் எழுப்பப்பட்டதாகவே இருந்தது. பிற்காலத்தில் அதைச் சிமெண்டாலும் கான்கிரீட்டாலும் வலுவூட்டியது உண்மையே. எனினும், அந்தச் சுண்ணாம்புக் கட்டு நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது. சரக்கின் தரமும் கொத்தனாரின் கைத்திறனுமே உறுதியைத் தருவன.

ஆகவே, அரசாங்கத்திற்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, வெப்பத் தடுப்புக்கான எளிய அளவு ஒன்றை அரசாங்க உதவி பெறும் சிறு வீடுகளுக்கும் வகுக்க வேண்டும். இரண்டாவது, ஓடு நிரப்பிய தளம், எலிப்பொறிக் கட்டு, சாம்பற்கல் ஆகியவற்றைத் திட்ட மதிப்பீடுகளில் தாராளமாக ஏற்க வேண்டும். கனவு இல்லத்தில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்கு மட்டும் தீப்பற்றாத பொருளால் பயனாளியின் விருப்பம்போல் கூரை அமைக்கலாம். ஓடு நிரப்பிய தளமும் கான்கிரீட் தளமே ஆதலால், விதியை மீறாமலே விருப்பத்தின் எல்லையை விரிக்கலாம். மூன்றாவது, தறி உள்ள வீட்டிற்குத் தனி வரைபடம் வேண்டும். பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று வரும் திசை நோக்கிச் சன்னலும், தறிக்கு மேல் போதிய உயரமும் அதில் அமைய வேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. வீட்டு உத்தரவு பெற்ற அங்கத்தினர் தனித்தனியே கடையில் கடன் சொல்லிச் சிமெண்டும் கல்லும் வாங்குவதால், தவணைப் பணத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போகிறது. ஓர் ஊரில் பத்துப் பேர் உத்தரவு பெற்றால், பத்துப் பேருக்கும் சேர்த்துச் சரக்கு வாங்கும் பொறுப்பைச் சங்கத்தின் உதவியுடன் ஒரு குழு ஏற்கலாம். உள்ளூர்க் கொத்தனார் சிலரைப் புதிய முறைகளில் பயிற்றுவிக்கலாம். கேரளத்தில் 1925-இல் தோன்றிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், கூலியாட்களே கூடிப் பெரிய கட்டட வேலைகளையும் ஏற்று நடத்தக்கூடும் என்பதை மெய்ப்பித்திருக்கிறது. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதென்று எண்ணக் காரணமில்லை.

வரும் பொதுச்சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தைச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவையும் கேட்டுக்கொள்கிறோம். நெசவாளர் தறியில் பகல் முழுதும் அமரக்கூடிய வீடு கிடைக்க வேண்டும். அவ்வீட்டிற்காக எந்த விவசாயியின் வயலும் பள்ளமாகக் கூடாது. இவ்விரண்டையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புவோமாக.