கடன் கொடுத்தவருக்குக் கணக்கு உண்டு, வரி கொடுத்தவருக்கு?

அடுத்த முறை சென்னை மாநகராட்சி பட்ஜெட் செய்தி வரும்போது கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். இத்தனை கோடியில் மழைநீர் வடிகால், இத்தனை பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பு, இத்தனை பூங்கா, இத்தனை கழிப்பறை என்று எல்லாம் இருக்கும். ஆளுங்கட்சி கவுன்சிலர்கள் மேஜையைத் தட்டியது இருக்கும். எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்பு செய்த போட்டோ இருக்கும். போன வருஷம் இதே ரிப்பன் மாளிகையில் இதே மாதிரி ஒரு பட்டியல் வாசித்தார்களே, அதில் எவ்வளவு செலவாச்சு, எத்தனை வேலை முடிஞ்சுது? அது மட்டும் இருக்காது. இருந்தால் அன்று உங்களுக்கு நல்ல நாள்.

பட்ஜெட் என்பது கணக்கு அல்ல, உத்தேசம். தீபாவளிக்கு முன்னால் உட்கார்ந்து நாம் போடும் பட்டியல் மாதிரி. தீபாவளி முடிந்து, போனஸ் கரைந்து, ஜவுளிக்கடை பாக்கி எவ்வளவு என்று பார்க்கிறோமே, அதுதான் கணக்கு. பட்டியலைப் பார்த்து ஒரு குடும்பத்துக்குச் சபாஷ் போடும் வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. மாநகராட்சிக்கு மட்டும் போடுகிறோம்.

பட்ஜெட் புத்தகம் ஒன்றும் ரகசிய ஆவணம் அல்ல, இணையதளத்திலேயே கிடைக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே சில எண்கள் வரிசையாக இருக்கும். கடைசி எண், வரப்போகும் வருடத்துக்கான ஆசை. அதற்கு முந்தையது, நடப்பு வருடத்துக்குச் சொன்னதை வருட முடிவில் திருத்திச் சொல்வது; திருத்திய மதிப்பீடு என்று அதற்குப் பெயர். அதற்கும் முன்னால், முடிந்துபோன வருடத்தில் நிஜமாகவே நடந்த வரவு செலவு. பத்திரிகைகள் கடைசி எண்ணை அச்சடிக்கின்றன. நீங்கள் முதல் எண்ணைப் பாருங்கள். பூங்காவுக்கு ஆசை எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று ஒரே ஒரு வரியை ஒப்பிட்டுப் பாருங்கள் போதும். அரை மணி நேர வேலை. ஒரு சீரியல் போகும், அவ்வளவுதான்.

இதைப் பார்க்காததால் என்ன ஆகிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை மூழ்கியது. 'நாலாயிரம் கோடி என்னாச்சு?' என்று ஊரே கேட்டது. நாலாயிரம் கோடியில் வடிகால் போட்டாயிற்று, இனி தண்ணீர் நிற்காது என்றுதான் மக்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். புயலுக்குப் பிறகு அமைச்சர் நேரு விளக்கம் சொன்னார்: அது மொத்தத் திட்ட மதிப்பு, அதுவரை செலவானது பாதிக்கும் குறைவு. சரி, இருக்கட்டும். ஆனால் இந்த விளக்கம் கழுத்தளவு தண்ணீரில் நின்றபோதா நமக்குத் தெரிய வேண்டும்? ஒதுக்கியது இவ்வளவு, செலவானது இவ்வளவு, எந்தத் தெருவில் முடிந்தது, எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியதோடு நிற்கிறது என்று செப்டம்பரிலேயே ஒரு தாள் அச்சடித்து வார்டு அலுவலக வாசலில் ஒட்டியிருந்தால், மக்கள் குறைந்தபட்சம் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். கேள்வி கேட்ட எதிர்க்கட்சியும் யோக்கியம் இல்லை. அவர்கள் ஆண்ட காலத்திலும் அப்படி ஒரு தாள் என் கண்ணில் பட்டதில்லை.

செலவுப் பக்கத்தைவிட வரவுப் பக்கத்தில்தான் வித்தை அதிகம். செலவு கூடிவிட்டதா? வரவையும் கூட்டி எழுது. பத்து வருடமாக வசூலாகாத வரி பாக்கியை இந்த வருடம் வசூலாகும் என்று எழுது. வராத பணத்தை நம்பி வரப்போகும் வேலையை அறிவித்துவிடு. எந்த ஊர் மாநகராட்சியும் செய்யக்கூடிய காரியம் இது. நியூயார்க் நகரமே செய்தது. சம்பளம் போன்ற அன்றாடச் செலவுகளை மூலதனச் செலவு என்று எழுதிக் கடன் வாங்கினார்கள். வராத வருவாயை வரும் என்று எழுதி அதன் பேரிலும் வாங்கினார்கள். 1975-ல் திவாலின் விளிம்புக்கு வந்தார்கள். தண்டனை யாருக்கு? சுரங்க ரயில் கட்டணம் 35 சென்ட்டிலிருந்து 50 சென்ட் ஆனது. அதுவரை இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகத்தில் 1976-ல் கட்டணம் வந்தது. பொய்க்கணக்கு எழுதியவர்கள் ஒருத்தரும் சுரங்க ரயிலில் போகிறவர்கள் இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுச் சொத்து வரியில் நூலக வரி ஒன்று சேர்ந்திருக்கிறது. ரூபாய்க்கு 10 பைசா. அது மாநகராட்சியின் பணமே அல்ல. வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டிய பணம். அதை ஒழுங்காகக் கொடுப்பதில்லை, பாக்கி நிற்கிறது என்ற புகார் வருடக்கணக்காக அவ்வப்போது தலைகாட்டுகிறது. கைக்கு வந்த பணம், கையை விட்டுப் போன பணம் என்று மட்டும் எழுதினால், அடுத்தவன் பணமும் நம் பணம் மாதிரிதான் தெரியும். அதனால்தான் கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் சேர்த்து எழுதும் முறைக்கு மாற வேண்டும் என்றார்கள். நாடே யோசித்துக்கொண்டிருந்தபோது 2000-க்குப் பிறகு அந்த முறைக்கு முதலில் மாறிய மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. பெருமைதான். ஆனால் நன்றாக எழுதிய கணக்கைப் படிக்க ஆள் வேண்டாமா?

படிக்க வேண்டியவர்கள் கவுன்சிலர்கள். கணக்கையும் தணிக்கையையும் பார்ப்பதற்கென்றே மாமன்றத்தில் ஒரு நிலைக்குழு உண்டு. அதன் தலைவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? மேயர் பெயர் தெரியும். தொடர்ந்து படியுங்கள்.

அந்த மாமன்றத்தின் கதையைக் கேளுங்கள். 1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. தினக்கூலித் தொழிலாளர்களின் வருகைப் பதிவேட்டில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதி, இல்லாத ஆளுக்குச் சம்பளம் எடுத்த கதை. சுத்தமான கணக்கு மோசடி. இதற்கு அரசு கண்டுபிடித்த பரிகாரம் என்ன தெரியுமா? மாமன்றத்தையே கலைத்துவிட்டது! கணக்கில் ஓட்டை இருந்தால் கணக்குக் கேட்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பு. அப்போது ஆண்டது தி.மு.க. அதற்குப் பிறகு அ.தி.மு.க. வந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, திரும்பத் திரும்ப எல்லாம் வந்தது. சென்னைக்குத் தேர்தல் மட்டும் வரவில்லை. 1996 வரை, 23 வருடம் ரிப்பன் மாளிகையில் அதிகாரிகள் ராஜ்யம். பட்ஜெட்டைப் போட்டதும் அவர்களே, ஒப்புக்கொண்டதும் அவர்களே.

இனி இப்படி நடக்கக் கூடாது என்றுதான் 1992-ல் நாடாளுமன்றம் 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஐந்து வருடத்துக்கு மேல் எந்த மன்றமும் நீடிக்க முடியாது, அது முடிவதற்குள் தேர்தல் நடத்தியே தீர வேண்டும் என்றது. என்ன நடந்தது? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. வழக்கு, தடை, வார்டு மறுவரையறை, கொரோனா என்று ஒவ்வொரு காரணமாக வந்துகொண்டே இருந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இந்த ஐந்து வருடத்துக்கும் மேலான காலத்தில் ஆயிரக்கணக்கான கோடி செலவாகியிருக்கிறது. மன்றத்தில் எழுந்து நின்று 'இது எதுக்கு சார்?' என்று கேட்க தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஆள் இல்லை.

இதில் கொடுமை, 1998-க்குப் பிறகு சென்னையில் தொடாமல் வைத்திருந்த சொத்து வரியை 2018-ல், அதாவது மன்றமே இல்லாத காலத்தில் உயர்த்தினார்கள். வீட்டுக்கு 50 சதவீதம் வரை, வீடல்லாத கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரலில் மறுபடி உயர்வு, பழைய சென்னையில் 50 முதல் 150 சதவீதம் வரை. ஏன் என்று கேட்டால் 15-வது நிதி கமிஷனைக் காட்டினார்கள். வரியை உயர்த்தாவிட்டால் மத்திய மானியம் கிடைக்காதாம். உண்மைதான். ஆனால் அதே நிதி கமிஷன் இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தது: தணிக்கை செய்த கணக்கை மக்கள் பார்வைக்கு இணையத்தில் வைக்க வேண்டும். முதல் நிபந்தனையை ஊரெல்லாம் சொன்னவர்கள், இரண்டாவதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? 2024-ல் இன்னொரு 6 சதவீதம் ஏறியது. இனி வருடா வருடம் ஏறும் என்று ஏற்பாடு. வரி தானாக ஏறும். கணக்கு மட்டும் நாம் கேட்டால்தான் வரும்.

வரியை உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது வருடம் உயர்த்தாமல் வைத்திருந்தது ஓட்டுக்காகச் செய்த கோழைத்தனம். பணம் இல்லாமல் குப்பை அள்ள முடியாது. என் சண்டை ரசீதோடு அல்ல, ரசீதுக்குப் பின்னால் இருக்கும் மௌனத்தோடு.

அந்த மௌனத்தை உடைக்க முடியாதா? முடியும். பணக்காரர் கேட்டால் முடியும். 2025-ல் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டு, முதலமைச்சர் மணி அடித்துத் தொடங்கி வைத்தார். கடன் பத்திரம் விற்க வேண்டுமென்றால் செபி விதிப்படி தணிக்கை செய்த கணக்கைக் காட்ட வேண்டும். தர மதிப்பீடு வாங்க வேண்டும். விற்ற பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை நிதி விவரம் தந்துகொண்டே இருக்க வேண்டும். நல்ல விதி. ஆக, வட்டிக்குப் பணம் கொடுத்தவர் கேட்காமலே அவருக்குக் கணக்குப் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரி கட்டும் உங்களுக்கு ரசீது மட்டும். அந்த 200 கோடியை வட்டியோடு திருப்பிக் கட்டப்போவது யார் பணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'நான் வாடகைக்கு இருக்கேன் சார், எனக்கென்ன?' என்று சிலர் நினைக்கலாம். உங்கள் வாடகைக்குள்ளே வீட்டுக்காரரின் சொத்து வரி உட்கார்ந்திருக்கிறது. அது கிடக்கட்டும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்றார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தனியார் ஏற்பாட்டால் ஒரு டன் குப்பைக்கு மாநகராட்சிக்கு ஆகும் செலவு எவ்வளவு குறைந்தது? அல்லது கூடியதா? குறைந்திருந்தால் அது யார் சம்பளத்திலிருந்து குறைந்தது? இந்த ஒரு வரிக் கணக்கை முன்னால் வைத்துவிட்டுப் பேசியிருந்தால், அந்தப் பதின்மூன்று நாள் வாக்குவாதத்துக்கு ஒரு தரை இருந்திருக்கும். கணக்கு இல்லாத இடத்தில் லத்திதான் பேசும்.

கிராமத்தைப் பாருங்கள். கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவை வாசித்தாக வேண்டும். ஒழுங்காக நடக்கிறதா, பாதி ஊரில் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களா என்பது வேறு சண்டை. உரிமை இருக்கிறது. நகரத்துக்கு ஏரியா சபை என்று ஒன்று 2022 நவம்பரில் தொடங்கியது. முதலமைச்சரே பம்மலில் உட்கார்ந்தார். உங்கள் ஏரியா சபை கடைசியாக எப்போது கூடியது? அதில் உங்கள் வார்டின் செலவுக் கணக்கை யாராவது வாசித்தார்களா? பெங்களூரில் சில குடிமக்கள் அமைப்புகள் 2002-லேயே 'மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவைச் சொல்' என்று மாநகராட்சியிடம் இயக்கம் நடத்தின. நம் ஊரில் நலச் சங்கங்கள் தெருவிளக்குக்கும் நாய்த் தொல்லைக்கும் மனு கொடுத்துக்கொண்டிருக்கின்றன. நாய் முக்கியம்தான்.

ஒரு வேலை தருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, பட்ஜெட் ஒதுக்கீட்டையும் கொடுத்த பணத்தின் விவரத்தையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005 முதல் சொல்கிறது. வெளியிட்டதில் உங்கள் வார்டு இல்லையென்றால், ஒரு வெள்ளைத் தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். என் வார்டில் முடிந்த நிதியாண்டில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? எவ்வளவு பில் கொடுத்தீர்கள், யாருக்கு? கடைசித் தணிக்கை அறிக்கையில் என் மண்டலத்தைப் பற்றி என்ன ஆட்சேபம் இருக்கிறது, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? இந்த மூன்றும் போதும். 30 நாள் கெடு.

பதில் வந்தால் ஒரு நகல் எடுத்து உங்கள் கவுன்சிலருக்கும் கொடுங்கள். பெரும்பாலும் அவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்.