பலாலி விமான நிலையம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, பலாலியில் ஆகாய விமானத் தளம் அமைந்து எண்பதாண்டுகளுக்கு மேலாகின்றது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் தம் தேவைக்காக வகுத்த இத்தளம், யுத்தம் ஓய்ந்தபின் பொதுமக்களுக்கும் பயன்படலாயிற்று. 1947-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆந் திகதி, எயர் சிலோன் ஸ்தாபனத்தார் தமது முதற் சேவையை இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்கு நடத்தினர். இலங்கையின் சொந்த விமானச் சேவை பிறந்த அன்றே யாழ்ப்பாணமும் அதன்கண் இடம்பெற்றதென்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

இத்துணைப் பழமை உடையதாயினும், தொடர்ச்சி என்பது இந்நிலையத்துக்கு வாய்த்திலது. உள்நாட்டுப் போர் மூண்டபின் பலாலி படைத்தளமாயிற்று. 1990-இல் சுற்றுப்புறக் கிராமத்தார் வீடும் வயலும் விட்டுப் பெயர்ந்தனர். 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆந் திகதி இங்கிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானமொன்று மன்னாருக்கப்பாற் கடலில் வீழ, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2009-இல் போர் முடிந்தும், சர்வதேச நிலையமென்னும் பெயருடன் இது திறக்கப்பட்டது 2019 அக்டோபர் 17-ஆந் திகதியிலேயாம். நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று; 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக நின்றது; 2022 டிசம்பர் 12-ஆந் திகதியே மீண்டது. திருச்சிராப்பள்ளிக்குச் சேவை 2025 மார்ச்சு 30-இல் ஆரம்பமாயிற்று.

நிற்க. விமான நிலையமாவது ஓடுபாதையும் கட்டிடமும் மாத்திரமன்று. குறித்த நாளிலே, குறித்த நேரத்திலே விமானம் புறப்படும் என்னும் நம்பிக்கையே அதன் உயிர் என்பது நமது துணிபு. சென்னைக்கு வைத்தியத்தின் பொருட்டுச் செல்லும் நோயாளியும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனும், சிதம்பர தரிசனத்துக்குச் செல்லும் முதியோரும் ஐயத்தை நம்பிப் பிரயாணஞ் செய்யார். ஐயமுண்டாயின், இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்தேனும் கட்டுநாயக்காவுக்கே செல்வர். அப்பொழுது பலாலி விமானங்கள் வெறுமையாகப் பறக்கும். பிரயாணிகள் இல்லையென்று சேவையைக் குறைப்பர். குறைத்தலால் ஐயம் மேலும் பெருகும். இச்சுழலினின்றும் மீளும் வழி, தொடக்க ஆண்டுகளில் வருவாயைப் பெரிதாக எண்ணாது, வரியைக் குறைத்தேனும் சேவை தவறாவண்ணம் அரசாங்கத்தார் காத்தலேயாம்.

ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானங்களை வருவித்தலே முதற்கடன் என்பாரும் உளர். அவர் நோக்கம் நன்றே. ஆயினும் பலாலிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் 200 கிலோமீட்டருக்கு உட்பட்டது. கொழும்புக்குச் செல்லும் வீதியோ அதனிலும் ஏறக்குறைய இருமடங்கு நீளமுடையது. இச்சிறு தூரத்துக்கு எழுபது, எண்பது பேரைக் கொள்ளும் சிறு விமானங்களே சாலும். என்றேனும் ஒருநாள் வரும் பெரிய விமானத்தினும் நாடோறும் வரும் சிறிய விமானம் மேலானதன்றோ?

மேலும், ஓடுபாதையை நீட்டுதல் நிலத்தைத் தொடாமல் நிகழாது. 1990-இற் பெயர்ந்தோருள் தம் காணி இன்னும் கைக்கு வரப்பெறாதோர் உளர். இந்நிலையத்துக்காக மிகப் பெரிய விலை கொடுத்தவர் அவரே. அவர் நிலம் அவரிடம் சேர்தல் முதலாவது நிகழ வேண்டும். அதன்பின் நிலம் தேவைப்படின், உடையவரைக் கேட்டு, இசைவு பெற்று, தக்க ஈடு அளித்தே கொள்ளல் வேண்டும். ஒருவர் வயலை இழக்க மற்றொருவர் விரைந்து பயணஞ் செய்தல் ஊருக்கு வளர்ச்சியாகாது.

திறப்புவிழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் பலாலியிற் குறைவில்லை. இனி வேண்டற்பாலன இரண்டே: ஒன்று, தவறாத கால அட்டவணை, மற்றொன்று, நிலமிழந்தோர்க்கு நீதி. இவ்விரண்டையும் ஒருங்கே கேட்டல், இந்நாட்டிற் கல்வி பெறும் நம்மனோர் அனைவரின் கடனாகும்.